பொதுக் கழிப்பறையை மூடிவிட்டு அந்தக் காசை முதியோர் பராமரிப்புக்குக் கொடுத்தால் என்ன?

பிப்ரவரி 3 — வந்த கேள்வி

"எங்கள் ஊர் உள்ளாட்சிக் கவுன்சிலில் அடுத்த பட்ஜெட்டுக்குக் கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் மிச்சமிருக்கும் பொதுக் கழிப்பறைகளை ஏப்ரலோடு மூடலாமா என்று அதில் ஒரு கேள்வி. மூடட்டும் என்றுதான் டிக் பண்ணப் போகிறேன். படுக்கையில் இருக்கும் வயதானவரைக் குளிப்பாட்ட ஆள் அனுப்புவதை நிறுத்த முடியாது, கழிப்பறையை நிறுத்தலாம். வெளியே போகிறவர்கள் ஏதாவது காபிக் கடையில் போய்க்கொள்ளலாமே. இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களில் யாராவது இதை மறுக்கிறீர்களா?"

பிப்ரவரி 3, இரவு

நான் மறுக்கிறேன் தம்பி. அந்த வயதானவரைக் குளிப்பாட்ட அனுப்பப்படும் ஆள் நான்தான்.

பல வருடமாக ஹோம் கேரர் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு வீடாகப் போக வேண்டும், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பஸ், நடை, மறுபடி பஸ். மதியம் சில மணி நேரம் இடைவெளி விழும், அதற்குள் என் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. இந்த வேலையில் எங்களுக்கு ஓய்வறை எது, ஆபீஸ் எது? தெருதான். போகிற வீடுகளில் கேட்டுக்கொண்டு பயன்படுத்தலாம் என்று ஏஜென்சி சொல்கிறது. ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் கமோட் நாற்காலி, இல்லையென்றால் மாடியில் ஒரே ஒரு கழிப்பறை, வாசலில் அவருடைய மகன் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்க வாய் வராது. அதனால் வேலை நாளில் மதியம் வரை தண்ணீரே குடிக்காத கேரர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். மாதவிடாய் நாட்களில் என்ன செய்கிறார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, புரிந்துகொள்ளுங்கள்.

ஆக, பராமரிப்பா கழிப்பறையா என்று நீங்கள் தராசில் வைக்கும் இரண்டு தட்டிலும் நான் இருக்கிறேன். காலையில் மறுபடி எழுதுகிறேன், ஷிஃப்ட் இருக்கிறது.

பிப்ரவரி 4

முதலில் சட்டம், ஏனென்றால் எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. 1936-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 87-வது பிரிவு, கவுன்சில் பொதுக் கழிப்பறை கட்டி நடத்தலாம் என்கிறது. நடத்தியே ஆக வேண்டும் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. முதியோர் பராமரிப்புக்கு 2014-ஆம் ஆண்டு கேர் சட்டம் இருக்கிறது, தேவை இருப்பதாக மதிப்பிட்டுவிட்டால் கவுன்சில் கைவிரிக்க முடியாது. குழந்தைகள் பாதுகாப்பும் அப்படியே. வீடற்றவர்களுக்கான உதவியும் அப்படியே. இவற்றின் செலவு ஏறிக்கொண்டே போகிறது, கவுன்சில் டாக்ஸை (வீட்டுக்கு வீடு வாங்கும் உள்ளாட்சி வரி) இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது: சமீப ஆண்டுகளில் பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்களுக்கு 5 சதவீதம் தொட்டாலே ஊர் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது விதி, அதனால்தான் அப்படிப்பட்ட பல ஊர்களில் 4.99 என்ற அதே எண் வருகிறது.

அப்புறம் வெட்டுவதற்கு மிஞ்சுவது கட்டாயமில்லாதவை மட்டும். கழிப்பறை, பூங்கா, நூலகத்தின் திறந்திருக்கும் நேரம் (நூலகம் சட்டப்படி கட்டாயம், ஆனால் எத்தனை மணி நேரம் என்பது கட்டாயமில்லை). 2018-இல் பிபிசி கவுன்சில்களிடம் விவரம் கேட்டுத் தொகுத்தபோது, 2010-க்குப் பிறகு பிரிட்டனில் குறைந்தது 673 கழிப்பறைகளைப் பராமரிப்பதைக் கவுன்சில்கள் நிறுத்தியிருந்தன. கழிப்பறை வேண்டாம் என்று மக்களிடம் கேட்டு முடிவெடுத்து இது நடக்கவில்லை. சட்டம் காப்பாற்றாத வரி எதுவோ அதன் மேல் பேனா போகிறது.

பிப்ரவரி 4, மதியம்

மறந்துபோவதற்குள் ஒன்று. உங்கள் ஊரில் கவுன்சில் ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா? கவுன்டி தனி, டிஸ்ட்ரிக்ட் தனி என்றால் முதியோர் பராமரிப்பு கவுன்டியின் பணம், கழிப்பறை டிஸ்ட்ரிக்டின் பணம். டிஸ்ட்ரிக்ட் கழிப்பறையை மூடினால் அந்தக் காசு ஒரு முதியவரின் வீட்டு வாசலுக்கும் போகாது, போக வழியே இல்லை. ஒரே அடுக்காக இருக்கும் லண்டன் பரோ, யூனிட்டரி கவுன்சில் என்றால் மட்டும் ஒரே பணப்பை. டிக் பண்ணுவதற்கு முன் உங்கள் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள், யார் யாருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 7

பில்லைப் பார்த்துவிட்டு யூனிட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியானால் உங்கள் கேள்வி நிற்கிறது. காபிக் கடைக்கு வருகிறேன்.

யூனிஃபார்ம் போட்ட பெண் காபி வாங்காமல் உள்ளே போனால் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் கதவில் எண் பூட்டு இருக்கும், அந்த எண் ரசீதில் இருக்கும். காலை ஏழு மணிக்குக் கடை திறந்திருக்காது, மாலை ஆறுக்கு மூடிவிடும். கழிப்பறை மாடியிலோ நிலவறையிலோ இருக்கும், வாக்கரோடு நடக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இறங்க முடியாது. அப்புறம், யாரை உள்ளே விடுவது என்பது கடைக்காரர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதாக இருக்கிறது. தெருவில் தூங்கும் மனிதரை விடுவாரா? நான்கைந்து பள்ளிப் பையன்களை? கறுப்பு நிறத்தில், அழுக்கு ஜாக்கெட்டோடு வரும் டெலிவரி ஓட்டுநரை? என்னை விடுவது என் யூனிஃபார்முக்காக, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இதை முறைப்படுத்திய ஊர்களும் இருக்கின்றன. சமூகக் கழிப்பறைத் திட்டம் என்று லண்டன் ரிச்மண்ட் கவுன்சில் தொடங்கியது. கடைகளுக்கும் பப்களுக்கும் கவுன்சில் ஆண்டுக்கு ஒரு தொகை கொடுக்கும், அவர்கள் கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, எதுவும் வாங்காதவர்களையும் உள்ளே விடுவார்கள். பல கவுன்சில்கள் பின்னால் அதையே எடுத்துக்கொண்டன. கடைவீதிக்கு, பகல் நேரத்துக்கு, இது நல்ல ஏற்பாடு, நான் எதிர்க்கவில்லை. பூங்காவுக்கும் பஸ் நிலையத்துக்கும் கடற்கரைக்கும் இது உதவாது. பப் வாசலைத் தாண்டி உள்ளே போகவே மாட்டேன் என்கிற அம்மாக்கள் நம்மிடம் மட்டுமா, எல்லாச் சமூகத்திலும் உண்டு.

பிப்ரவரி 9

"இதில் பெண்கள் விஷயம் எங்கே வந்தது, எல்லோருக்கும்தானே மூடுகிறார்கள்" என்று கேட்டிருந்தார் ஒருவர். எல்லோருக்கும் சமமாக இது என்றைக்கும் இருந்ததில்லை.

1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த பெரிய கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பொறியாளர் வைத்த கழிப்பறைகளுக்கு 8,27,280 பேர் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. அதாவது தேவை எவ்வளவு என்பது அன்றைக்கே எழுதி வைத்த எண்ணாகத் தெரிந்துவிட்டது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் லண்டன் கேம்டனில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டப் பெரிய சண்டை நடந்தது. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா அப்போது அந்தப் பகுதியின் செயின்ட் பாங்க்ரஸ் உள்ளாட்சியில் உறுப்பினர், கட்டியே ஆக வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் ஒருவர். எதிர்த்தவர்கள் சொத்து மதிப்பு குறையும் என்றார்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். இடம் சரியா என்று பார்க்க மரத்தில் ஒரு மாதிரியைத் தெருவில் வைத்தபோது வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே அதில் மோதினார்கள்.

காசு விஷயத்தைப் பாருங்கள். அந்த 1936 சட்டம் கழிப்பறைக்குக் கட்டணம் வாங்கலாம் என்று சொல்லும்போதே, ஆண்கள் நின்று சிறுநீர் கழிக்கும் இடத்துக்கு மட்டும் வாங்கக் கூடாது என்றது. ஆணுக்கு இலவசம், பெண்ணுக்குக் காசு. இந்த விலக்கை எடுத்தது 2008-இல். அதுவும் எப்படித் தீர்ந்தது என்றால், பெண்ணுக்கும் இலவசம் என்று ஆகவில்லை, ஆணிடமும் வாங்கலாம் என்று ஆனது. நுழைவாயிலில் சுழலும் இரும்புக் கம்பி வைப்பதைத் தடை செய்ய 1963-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கர்ப்பிணிகளும் குழந்தையோடு வருகிறவர்களும் அதில் நுழைந்து வெளியே வரப் பட்ட பாடு அப்படி.

பெண்கள் பகுதியில் இருக்கைகள் இரு மடங்கு இருந்தால்தான் வரிசை சமமாகும் என்று நகரத் திட்டமிடல் பேராசிரியர் கிளாரா கிரீட் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இருந்ததே பாதிதான். அதையும் மூடினால் யாருக்கு அதிகம் இழப்பு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பிப்ரவரி 12

இன்று எழுத நினைத்தது வேறு. ஆனால் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

எண்பது தாண்டியவர். கணவர் போன பிறகும் தினமும் கடைவீதிக்குப் பஸ்ஸில் போய், நூலகத்தில் பேப்பர் பார்த்து, சதுக்கத்துப் பெஞ்சில் தெரிந்தவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை ஒன்று. அந்த மாத்திரை போட்டவருக்கு அரை மணிக்கு ஒரு தடவை எழ வேண்டியிருக்கும், அவருக்குத் தைரியம் கொடுத்தது சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த கவுன்சில் கழிப்பறை. அதை மூடினார்கள். முதலில் போவதைக் குறைத்தார். அப்புறம் போகிற நாளில் நீர் மாத்திரையைப் போடாமல் விட்டார், எங்களிடம் சொல்லவில்லை. தண்ணீரையும் குறைத்தார். கால் வீங்கியது, சிறுநீர்த் தொற்று வந்தது, வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்னால் குழப்பம் வரும், ராத்திரி எழுந்து எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழுந்தார். ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது நடை போய்விட்டது. அதற்கு முன் காலையில் ஒரு முறை மட்டும் எங்கள் ஆள் போனால் போதும், இப்போது நாளைக்கு நான்கு முறை, அதில் இரண்டு முறை இரண்டு பேராகப் போக வேண்டும்.

அந்த நான்கு முறைக்கும் காசு எங்கிருந்து வருகிறது தெரியுமா தம்பி? கழிப்பறையை மூடி நீங்கள் எதற்குக் கொடுக்கச் சொன்னீர்களோ அதே பராமரிப்பு பட்ஜெட்டிலிருந்து.

2019-இல் பிரிட்டனின் பொதுச் சுகாதாரத்துக்கான ராயல் சொசைட்டி இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அருகில் கழிப்பறை இல்லை என்பதால் நினைத்த அளவு வெளியே போவதில்லை என்று ஐந்தில் ஒருவர் சொல்லியிருந்தார். வெளியே போகும்போது வேண்டுமென்றே குடிப்பதைக் குறைப்பதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல். அந்த எண்களுக்குள் இந்த அம்மாவைப் போல எத்தனை பேர் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 13

"ஒரு பாட்டி விழுந்ததற்குக் கழிப்பறைதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. எண்பது வயதில் விழ ஆயிரம் காரணம் உண்டு, நீதிமன்றத்தில் என்னால் நிரூபிக்க முடியாது. நான் கேட்பது வேறு. மூடினால் எவ்வளவு மிச்சம் என்று பட்ஜெட் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. மூடியதால் வேறு வரிகளில் என்ன ஏறும் என்ற பத்தி ஏன் இல்லை? கவுன்சில் எடுக்கும் முடிவுகளுக்குச் சமத்துவத் தாக்க மதிப்பீடு செய்து வயது, ஊனம், கர்ப்பம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நான் படித்துப் பார்த்த ஒன்றில் அந்தப் பெட்டிகளுக்கு எதிரே "சிறு பாதிப்பு, அருகில் கடைகள் உள்ளன" என்ற ஒரே வாக்கியத்தை ஒட்டியிருந்தார்கள். எழுதியவர் அந்தக் கடைகளின் படிக்கட்டை எண்ணிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16

சரி, காசு. கவுன்சிலைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நார்த்தாம்ப்டன்ஷயர் 2018-இல், கிராய்டன் 2020-இல், பர்மிங்காமும் நாட்டிங்காமும் 2023-இல் 114-வது பிரிவு அறிவிப்பு கொடுத்தன, அதாவது கணக்கு நேராகாது என்று தலைமை நிதி அதிகாரியே எழுதிக் கொடுப்பது. இந்த நிலையில் இருக்கும் கவுன்சிலிடம் போய்ப் புதிதாகப் பத்துக் கட்டு என்று நான் கேட்கவில்லை.

இருப்பதை நடத்த வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். 2021-இல் வந்த சட்டம் தனிக் கட்டடமாக இருக்கும் பொதுக் கழிப்பறைகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிசினஸ் ரேட்ஸை (வீடு அல்லாத கட்டடங்களுக்கான வரி) முழுக்கத் தள்ளுபடி செய்தது, 2020 ஏப்ரல் 1 முதலே கணக்கு. அதுவரை கவுன்சில் தன் கழிப்பறைக்கே வரி கட்டிக்கொண்டிருந்தது! ஆனால் நூலகத்துக்குள்ளும் சமூக மண்டபத்துக்குள்ளும் இருக்கும் கழிப்பறைக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது, கட்டடம் முழுவதும் அல்லது பெரும்பகுதி கழிப்பறையாக இருந்தால்தான். இன்று திறந்திருப்பதில் நிறைய அந்த மாதிரி இடங்களில்தான் இருக்கின்றன.

இன்னொரு வழி அடிமட்டத்தில் இருக்கும் பாரிஷ் அல்லது டவுன் கவுன்சிலிடம் ஒப்படைப்பது. கார்ன்வாலில் பெருமளவில் இப்படித்தான் நடந்தது. பாரிஷ் கவுன்சில்களுக்கு அந்த வாக்கெடுப்பு உச்சவரம்பு இதுவரை வைக்கப்படவில்லை, அதனால் தங்கள் பங்கைக் கொஞ்சம் ஏற்றிக் கழிப்பறையைக் காப்பாற்ற முடிகிறது. நல்லதுதான் என்று முதலில் எனக்கும் தோன்றியது. யோசிக்க யோசிக்க ஒரு குறை உறுத்துகிறது: சுற்றுலாப் பயணி வந்து பயன்படுத்துவதற்குச் சின்னக் கிராமம் காசு கட்டுகிறது, நகரத்தின் பல பகுதிகளில் பாரிஷ் கவுன்சிலே கிடையாது, அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் மூடிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 18

கட்டணம் வைத்தால் என்ன? நெட்வொர்க் ரயில் தான் நடத்தும் பெரிய ஸ்டேஷன்களில் 2019 ஏப்ரலில் கட்டணத்தையே எடுத்துவிட்டது. கவுன்சில்கள் எதிர்த்திசையில் போகின்றன. மூடுவதா, இருபது பென்ஸ் வாங்குவதா என்ற இரண்டே வழிதான் என்றால் வாங்கட்டும். ஆனால் கார்டு மட்டும் என்று வைக்காதீர்கள். நான் பார்க்கும் முதியவர்களில் பலரிடம் கார்டு மகளின் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 21

செலவே இல்லாமல் கவுன்சில் கையில் இருக்கும் ஓர் ஆயுதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஒன்றின் 20-வது பிரிவு. பொதுமக்கள் உட்கார்ந்து சாப்பிடும், குடிக்கும் இடங்களுக்கும் பொழுதுபோக்கு அரங்குகளுக்கும் கழிப்பறை வைக்கச் சொல்லி, அதைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம். அந்த இடத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான், தெருவில் போகிற எல்லோருக்கும் இல்லை. இருந்தாலும் புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு கடையும் கழிப்பறையே இல்லாமல் நான்கு மேஜை போடும் இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். லண்டனின் 2021 நகரத் திட்ட ஆவணம் பெரிய வணிகக் கட்டடங்களில் இலவசப் பொதுக் கழிப்பறை கேட்கிறது. திட்ட அனுமதி கொடுக்கும் நாளில் கேட்காவிட்டால் பிறகு எந்த நாளிலும் கேட்க முடியாது.

வேல்ஸில் 2017 சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் கழிப்பறை உத்தி ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எழுதுவது கட்டாயம், கட்டுவது கட்டாயமில்லை. அது போதாது என்பது என் கருத்து, ஆனால் எத்தனை இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒரு காகிதத்தில் வந்துவிட்டால் ஓசைப்படாமல் மூட முடியாது. இங்கிலாந்தில் அந்தக் காகிதமும் இல்லை.

பிப்ரவரி 24

போதை ஊசி, உடைப்பு, தீ வைப்பு என்று பட்டியல் போட்டவருக்கு: எல்லாம் நடக்கிறது. கழிப்பறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்த தோழி ஒருத்தி ஊசிகளைப் பொறுக்கிய கதையை நான் கேட்டிருக்கிறேன். அவள் சொல்வது இதுதான்: நாள் முழுக்க ஆள் இருந்த காலத்தில் இதெல்லாம் குறைவு. அந்த ஆளை எடுத்தார்கள், வேனில் வந்து ஒரு தடவை கழுவிவிட்டுப் போகும் ஏற்பாடு செய்தார்கள், அப்புறம் அழுக்கு, அப்புறம் நல்லவர்கள் வருவது நின்றது, அப்புறம் பயன்பாடு குறைவு என்று அறிக்கை. மூடுவதற்கான காரணத்தை முந்தைய வெட்டே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது.

அவள் சம்பளத்தைப் பற்றியும் கொஞ்சம் நினைக்க வேண்டும். நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கே வந்து முதலில் செய்த வேலை துப்புரவு வேலை. அதை யாரும் இங்கே இறக்கிப் பேசாதீர்கள்.

பிப்ரவரி 25

பூட்டியிருக்கும் ஊனமுற்றோர் கழிப்பறைகளை ஒரே சாவியால் திறக்கும் ரேடார் சாவித் திட்டம் 1981-இல் தொடங்கியது, சாவி கையில் இருக்கிறது, பூட்டு இருந்த கட்டடம் போய்விட்டது என்று சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் என்னிடம் இல்லை. பெரியவர்களுக்கு உடை மாற்றும் மேஜையும் ஆளைத் தூக்கி வைக்கும் ஹாய்ஸ்ட்டும் உள்ள சேஞ்சிங் பிளேசஸ் அறைகளுக்கு 2021-இல் அரசு 3 கோடி பவுண்டு ஒதுக்கியது. கட்டுவதற்குத் தனிப் பணம் கொடுத்தால் கவுன்சில்கள் வாங்கிக் கட்டுகின்றன என்பதற்கு இது சாட்சி. தினமும் கழுவும் கைக்கு யாரும் தனிப் பணம் ஒதுக்குவதில்லை, எல்லா ஊரிலும் கதவு மூடுவது அங்கேதான்.

மார்ச் 1

மார்ச் 11-க்குள் கவுன்சில் டாக்ஸைத் தீர்மானித்தாக வேண்டும், அதனால் உங்கள் கவுன்சிலின் கூட்டம் இந்த வாரமோ அடுத்த வாரமோ இருக்கும். மூடட்டும் என்று டிக் பண்ணுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி, சந்தோஷம். "மூடாதே" என்று மட்டும் டிக் பண்ணினாலும் போதாது, கீழே காலியாக விட்டிருக்கும் கட்டத்தில் எழுதுங்கள். நான் எங்கள் படிவத்தில் எழுதியது இது, வேண்டுமானால் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

எந்தக் கழிப்பறையையும் மூடுவதற்கு முன், அங்கிருந்து வாக்கரோடு நடந்து போகும் தூரத்தில், படியில்லாமல், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை, எதுவும் வாங்காமல் பயன்படுத்தக்கூடிய வேறு கழிப்பறை எது என்று பெயர் சொல்லுங்கள். அந்தக் கடை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறதா என்று சொல்லுங்கள். மூடுவதால் பராமரிப்புச் செலவில் என்ன மாற்றம் வரும் என்று முதியோர் பிரிவு அதிகாரியிடம் கேட்டீர்களா, என்ன சொன்னார் என்று அறிக்கையில் சேருங்கள். வீட்டுக்கு வீடு போகும் கேரர்கள் உங்கள் ஒப்பந்தத்தில்தான் வேலை செய்கிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இதை மறுபடி பார்ப்போம் என்று தேதி போடுங்கள்.

கூட்டத்தில் கேள்வி கேட்க முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், எத்தனை நாள் முன் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், ஜனநாயக சேவைப் பிரிவுக்கு ஃபோன் போட்டால் சொல்வார்கள். எங்கள் கூட்டம் வியாழன் மாலை. எனக்கு அன்று மாலை ஷிஃப்ட் இருந்தது, மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டேன். கேள்வி பட்டியலில் ஏறிவிட்டது.